ஏழாவது பொன்னாடை

அழைப்பிதழில் "ஏழு தாரகைகள்" என்று அச்சடித்த பிறகுதான் எண்ணிப் பார்த்தார்கள். ஆறு பேர்தான் தேறினார்கள்.

ஒஸ்லோவில் இயங்கும் ஊர்ப் பல்கலைக்கழகப் பழைய மாணவியர் ஒன்றியத்துக்கு இது புதிதல்ல. முதலில் மண்டபம், பிறகு சாப்பாடு, அதற்குப் பிறகு காப்பாளரின் உரை, எல்லாம் முடிவான பின் எதற்காகக் கூடுகிறோம் என்பது. இந்த ஒழுங்கில்தான் அங்கே எதுவும் நடக்கும். 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்குப் பெண்களின் தலைமைத்துவம் என்று முடிவாகியிருந்தது. அதைக் கொண்டாடுவதென்றும், கொண்டாடிய கையோடு படித்த பெண்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பு ஏற்படுத்திக்கொள்வதென்றும் தீர்மானம்.

ஒன்றியத்தின் காப்பாளர் வரதராசா. மாணவியர் ஒன்றியத்துக்கு ஓர் ஆண் காப்பாளர் எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆரம்ப காலத்தில் மைக் பூட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் நியமித்தார்கள். இப்போது மைக்கை அவரிடமிருந்து கழற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஏழாவது தாரகையைத் தேடிப் பிடித்தவர் செயலாளர் புஷ்பமலர். நகரின் ஓரத்துக் குரோருட்டில் உதயகுமாரி என்று ஒருத்தி இருக்கிறாள், தாவரவியலில் முதல் வகுப்பு, இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் துறைத் தலைவி. இரண்டாம் மாடி முழுவதும் அவள் பொறுப்பு. பத்தொன்பது முதியவர்கள், பதினான்கு ஊழியர்கள். இத்தனை நாளும் இவள் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் வராததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் தன் கணவன் குகநேசனை அவள் வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருந்தாள். குகநேசன் போய்விட்டான். அவனோடு சேர்ந்து பிறந்தநாள் அழைப்புகள், பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீட்டுக் கார்டுகள், ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிகள் எல்லாம் போய்விட்டன. அவை போக வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

புஷ்பமலர் அனுப்பிய விண்ணப்பப் படிவத்தை உதயகுமாரி சமையலறை மேசையில் வைத்து நிரப்பினாள். பெயர், படித்த ஆண்டு, பதவி, சாதனை. சாதனைக்கு நேரே நெடுநேரம் யோசித்துவிட்டு "இல்லை" என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனை நின்றது. "பொன்னாடை போர்த்துபவர் பெயர் (குடும்பத்தவர் விரும்பத்தக்கது)."

போன வருட விழாவில் மூன்று பிரதம விருந்தினர்களுக்குள் யார் யாருக்குப் போர்த்துவது என்று சண்டை வந்து, ஒருவர் பொன்னாடையோடு வீட்டுக்குப் போய்விட்டாராம். அதனால் இந்த வருடம் ஆளை நீங்களே கொண்டுவர வேண்டும். நோர்வேக்காரர்கள் விருந்துக்குப் போகும்போது தங்கள் போத்தலைத் தாங்களே கொண்டுபோவது போல.

மகள் துஷ்யா வடக்கே துறொம்சோவில் படிக்கிறாள், அந்தக் கிழமை அவளுக்குச் சோதனை. வேலையிடத்தில் கேட்டால் பதினான்கு பேரும் சந்தோஷமாக வருவார்கள். ஆனால் தன் மொழி பேசும் ஒருவர்கூட இல்லாமல் மேடை ஏறுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு நகரின் மற்றக் கோடியில் இருக்கும் மோர்டென்ஸ்ருட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

தங்கேஸ்வரி. விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை, ஒரே அலுமாரி, சோதனைக் காலத்தில் ஒரே மேசைவிளக்கு. காப்பாளர் வரதராசாவின் மனைவியும் அவள்தான். வரதராசாவும் குகநேசனும் சிநேகிதர்கள் என்பதால் ஆறு வருடமாகக் கதை இல்லை.

 மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, "வரப்பாக்கிறன், குமாரி" என்றாள் தங்கேஸ்வரி.

வேலையிடத்தில் அவளை எல்லோரும் உதா என்றுதான் கூப்பிடுவார்கள். குமாரி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அந்த ஒரு சொல்லில் மயங்கி, அதற்கு முன்னால் வந்த சொல்லை அவள் சரியாகக் கவனிக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் வரப்பார்க்கிறேன் என்பது மரியாதையான மறுப்பு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பதினெட்டு வருடம் நோர்வேக்காரர்களோடு வேலை செய்தவளுக்கு அது மறந்துபோயிருந்தது. படிவத்தில் தங்கேஸ்வரி வரதராசா என்று அழகான கையெழுத்தில் எழுதித் தபாலில் போட்டாள்.

விழா குரோருட்டிலேயே, பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. உதயகுமாரி இரண்டுக்கே போனாள். கதவைத் திறந்துகொண்டிருந்த பள்ளிக்கூடக் காவலாளியைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. மூன்றேகாலுக்கு மண்டபம் நிறைந்தபோது வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

மேடைக்கு முன்னால் பிரமுகர்களுக்கு ஒரு வரிசைக் கதிரை, அதற்குப் பின்னால் எட்டு வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். அறிவிப்பாளர் ஜெனிதா இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், வங்கியில் வேலை. அவளுடைய யோசனைப்படி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், எல்லோரும் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்ப் புதிய ஒருவரோடு தொழில் பற்றிக் கதைக்க வேண்டும். வங்கியில் இப்படித்தான் செய்வார்களாம். வங்கிக்காரர்களுக்கு இடம் பிடிக்கத் தெரியாது என்பதை அந்தப் பிள்ளை யோசிக்கவில்லை. இங்கே ஒவ்வொரு கதிரையிலும் ஏற்கனவே ஒரு கைப்பை, ஒரு சால்வை, அல்லது ஒரு குழந்தையின் பனிச்சப்பாத்து உட்கார்ந்திருந்தது. மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் முறை அடித்தபோது நான்காம் மேசை மட்டும் முழுதாக எழுந்து பொரித்த ரோல்ஸ் தட்டுகள் வைத்திருந்த பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. புதியவர்களைச் சந்திக்க அவசியமும் இருக்கவில்லை. ஊரில் எவ்விடம் என்ற ஒரு கேள்வியோடு அரை மண்டபம் மற்ற அரை மண்டபத்துக்குச் சம்பந்தி ஆகிவிட்டது.

சமையலறையில் தேநீர் வைக்க உதவிவிட்டு வந்த உதயகுமாரி நாலு மேசையில் "ஆள் இருக்கோ?" என்று கேட்டாள். நாலு மேசையிலும் ஆள் இருந்தது. கடைசியில் கதவடியில், குளிர் வந்து காலில் மோதும் எட்டாம் மேசையில் இரண்டு கதிரை கிடைத்தது. ஒன்றில் தான் இருந்து, மற்றதில் தன் தடித்த நீலக் குளிர்ச்சட்டையை வைத்தாள். இப்போது அவளுக்கும் இடம் பிடித்து வைக்க ஒரு ஆள் உண்டு. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டபோது, "ஓம், வருவா" என்றாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தங்கேஸ்வரி வந்தாள். கணவனுக்கு இரண்டடி பின்னால் வந்து முன்வரிசையில் அமர்ந்தாள். அமருமுன் ஒருமுறை திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள். எட்டாம் மேசையைக் கண்டதும், வீதியில் பல்வைத்தியரைக் கண்டவள் சிரிக்கும் சிரிப்பு ஒன்று சிரித்தாள். அது போதும் என்று உதயகுமாரி நினைத்தாள். கதிரைக்கு வராவிட்டால் என்ன, மேடைக்கு வந்தால் சரி.

வரதராசா பெண்களின் தலைமைத்துவம் பற்றிச் சுருக்கமாகச் சில வார்த்தைகள் பேசினார். நாற்பத்தைந்து நிமிடம். பெண்ணைப் பேச விடாத சமுதாயம் உருப்படாது என்பதை மூன்று கோணங்களில் நிறுவினார். அவருக்குப் பின் இரண்டு ஆண்கள் அதை ஆமோதித்தார்கள். அதனால் நேரம் போய்விட்டதென்றும், ஏழு தாரகைகளும் ஆளுக்கு அரை நிமிடத்தில் ஏற்புரையை முடித்துக்கொள்ள வேண்டுமென்றும் ஜெனிதா பணிவோடு கேட்டுக்கொண்டாள்.

உதயகுமாரியின் கைப்பையில் ஏற்புரை இருந்தது. நாலு வரி. மூன்றாவது வரியில், ஒரே மேசைவிளக்கைப் பங்கிட்ட ஒருத்தியின் பெயர் இருந்தது.

ஆறு தாரகைகளும் ஏறி இறங்கினார்கள். ஒருத்திக்குக் கணவன், ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்கு மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு முனையில் பிடித்துப் போர்த்தினார்கள். ஏழாவதாக அவள் ஏறி நின்றாள்.

"பொன்னாடை போர்த்துவதற்காகத் திருமதி தங்கேஸ்வரி வரதராசாவை மேடைக்கு அழைக்கிறோம்" என்று ஜெனிதா வாசித்தாள்.

மேடையில் இருந்த வரதராசா தன் கையிலிருந்த நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் முன்வரிசையைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். தங்கேஸ்வரி கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். அதன் சிப்பைத் திறந்தாள். உள்ளே எதையோ தேடினாள். சிப்பை மூடினாள். எழும்பவில்லை.

ஜெனிதா இன்னொருமுறை வாசித்தாள், கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இந்தமுறை உரக்க. மண்டபத்தில் கடலை கொறிக்கும் சத்தமும் நின்றது. உதயகுமாரி மேடையிலிருந்து எண்ணினாள். முன்வரிசையிலிருந்து படிக்கு ஏழு அடி இருக்கும்.

வரதராசா எழுந்து மைக்கை வாங்கினார். "நேரத்தின் அருமை கருதி, சகோதரி உதயகுமாரி தனது பொன்னாடையைத் தானே ஏற்றுக்கொள்வார். இன்னொருவர் வந்து போர்த்துவார் என்று காத்திருக்காதவளே தலைவி. இன்றைய விழா சொல்லும் செய்தியும் அதுதான்."

அன்று பிற்பகல் முழுவதும் கேட்டதில் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். புஷ்பமலர் கண்ணைத் துடைத்தார். பொலித்தீன் உறை பிரிக்காத பொன்னாடை உதயகுமாரியின் கையில் வைக்கப்பட்டது, படம் எடுக்கப்பட்டது. அவள் நாலு வரியையும் விட்டுவிட்டு "நன்றி" என்றாள். அரை நிமிடத்துக்குள் ஏற்புரையை முடித்த ஒரே தாரகை அவள்தான்.

மண்டபத்தை ஏழு மணிக்குள் கூட்டித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் நிபந்தனை. ஒழுங்கமைப்புக் குழுவினர் சிலர் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுக் காரைச் சூடாக்கப் போனார்கள். பெண்கள் கொஞ்சப் பேர் தும்புத்தடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு நித்திரை என்று போனார்கள். புஷ்பமலர் மண்டபக் கதவின் திறப்பைக் கொண்டுவந்து உதயகுமாரியிடம் கொடுத்தார். "நீங்கள் கிட்டத்தானே, உதயாக்கா. பூட்டிப்போட்டு திறப்பை வாசல் தபால்பெட்டிக்குள்ளை போட்டுவிடுங்கோ. உங்களிட்டைக் குடுத்தா எனக்குப் பயமில்லை." அன்றைய தினம் தலைமைத்துவம் அவள் கையில் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அவள் சமையலறை நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது.

"குமாரி."

அவள் திரும்பாமல் துடைதுணியைப் பிழிந்தாள்.

"வரப்பாக்கிறன் எண்டுதானே நான் சொன்னனான்" என்றாள் தங்கேஸ்வரி.

"ஓம். வந்தனிதானே."

"அவர் மேடையிலை இருக்கேக்கை நான் எப்பிடியடி? அவரும் குகநேசனும் ஒண்டாப் படிச்சவை."

"நாங்களும்தான் ஒண்டாப் படிச்சனாங்கள், தங்கேஸ்."

 தங்கேஸ்வரி மேசையில் கிடந்த பொன்னாடை உறையை எடுத்து நகத்தால் கிழித்தாள்.  "இஞ்சை திரும்பு. இப்ப போத்திவிடுறன். ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத இடத்திலை நானே போத்துவன். அது எனக்குப் பழக்கம்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரும்பியிருக்கத் தேவையில்லை. தங்கேஸ்வரியின் முகம் விடுதியில் சோதனைப் பெறுபேறு வந்த நாளில் அழுமுன் இருந்தது போல இருந்தது. கையில் விரித்த பொன்னாடை. உதயகுமாரி துடைதுணியை வாளியில் போட்டாள், ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், ஓரடி முன்னால் வைத்தாள்.

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. ஒரு சின்ன அடி, பிறகு ஒரு நீண்ட அடி.

தங்கேஸ்வரி பொன்னாடையை அவள் நீட்டிய கையில் வைத்தாள். "நான் பிறகு கோல் எடுக்கிறன், என்ன" என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. அவளுடைய குதி உயர்ந்த சப்பாத்தின் சத்தம் மண்டபத்தைக் கடந்து, கதவைக் கடந்து, பனியில் இறங்கியதும் நின்றது.

உதயகுமாரி பொன்னாடையை மடித்தாள். முதியோர் இல்லத்தில் கட்டில் விரிப்பை இரண்டு பேர் பிடித்துத்தான் மடிக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். தனியாக மடிப்பதென்றால் ஒரு பக்கத்தை நாடிக்கும் கழுத்துக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். இடுக்கிக்கொண்டாள். சரிகை கழுத்தில் கீறியது.

மண்டபத்துக்குள் வந்தபோது கதிரைகள் எல்லாம் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. கதவடியில் ஒன்றே ஒன்று தனியாக நின்றது. அதில் அவளுடைய நீலக் குளிர்ச்சட்டை. ஆள் இருக்கிறதாக்கும் என்று நினைத்து ஒருவரும் தொடவில்லை.

அவள் சட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தாள். பைக்குள் தொலைபேசி சிணுங்கியது. துஷ்யாவின் செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ். சோதனை பரவாயில்லை. விழா எப்பிடி? ஆர் போர்த்தினது?

உதயகுமாரி மூன்றுமுறை எழுதி அழித்தாள். பிறகு, "எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை" என்று அனுப்பினாள். எழுந்து, இருந்த கதிரையையும் தூக்கி மற்றவற்றோடு அடுக்கினாள். ஈரம் காயாத நிலத்தில் தன் அடி பதியாதபடி சுவரோரமாக நடந்துபோய் விளக்கை அணைத்தாள்.