கணுக்கால் உயரத்து ஜன்னல்

ஐந்து டியூலிப் பூக்களில் ஒன்றை அவரோடு ஊர் சுற்றிப்பார்க்க வந்திருந்த நார்வேக்கார அம்மாள், "எனக்கா? அடடா, என்ன ஒரு மனசு உங்களுக்கு!" என்று சொல்லிக்கொண்டே லியுபெனின் கையிலிருந்து உருவிக்கொண்டுவிட்டாள். மார்ச் எட்டாம் தேதி, பெண்கள் தினம். சோபியா நகரத்தில் அன்றைக்கு ஆண்பிள்ளை என்று பிறந்த ஒவ்வொருவனும் கையில் பூவோடுதான் தெருவில் இறங்குவான். அப்படிப்பட்ட நாளில், "அது உங்களுக்கில்லை அம்மா, வேறொருத்திக்கு" என்று எந்த வாயால் சொல்வது? லியுபென் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தார். போனது ஒரு பூ என்றால் போகட்டும், மிச்சம் இருப்பது நான்கு. இரட்டைப்படையில் பூ கொடுப்பது அந்த ஊரில் செத்தவர்களுக்குத்தான். நான்கு பூவை உயிரோடிருக்கும் ஒரு பெண்ணிடம் நீட்டினால், அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள்.

அதனால் 'பெண்கள் சந்தை' என்று பெயர்கொண்ட காய்கறிச் சந்தைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்கும் ஸ்வெதாவிடம் ஒன்றைக் கொடுத்துக் கணக்கை மூன்றாக்கினார். அவள் பூவை வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டாள். ஆனால் சும்மா விடுகிற வாயா அது?

"என்ன வாத்தியாரே, எனக்கு ஒண்ணு, குந்துக் கடைக்காரிக்கு மூணா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

பக்கத்துக் கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை விட்டுவிட்டுச் சிரித்தான். லியுபெனின் கழுத்து சிவந்தது. ஆக, சந்தைக்கே தெரிந்திருக்கிறது. சம்பந்தப்பட்டவளுக்குத் தெரியுமா என்பதுதான் நான்கு வருஷமாகத் தெரியவில்லை.

லியுபெனுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தொன்பது வருஷம் பூகோளப் பாடம் நடத்தியவர். மனைவி இறந்து ஏழு வருஷமாகிறது. வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசும் நிலை வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டார். தங்கக் கூரை போட்ட பெரிய தேவாலயத்தின் பக்கம் அவர் தலைவைத்தும் படுப்பதில்லை. அதைக் காட்டத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே. அவர் காட்டுவதெல்லாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருக்கள்: காரை உதிர்ந்த முகப்புகள், முற்றத்தில் திராட்சைக்கொடி படர்ந்த பந்தல், செத்தவர்களின் படம் போட்ட தாள் ஒட்டிய வாசல்கதவுகள், கடைசியாக நெவேனாவின் குந்துக் கடை.

அந்தக் கடை ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிய காலத்தில், வேலை போனவர்கள் நிலவறைக்கு வெளிச்சம் வருகிற ஜன்னலையே கடையாக்கிக்கொண்டார்கள். ஜன்னல் நடைபாதையோடு ஒட்டி, கணுக்கால் உயரத்தில் இருக்கும். பீர், சிகரெட், சூரியகாந்தி விதை எது வேண்டுமானாலும், மந்திரியே வந்தாலும், குந்தித்தான் வாங்கவேண்டும். உள்ளே இருக்கும் நெவேனாவுக்கு நாள் முழுக்கத் தெரிவது கால்கள்தான். பதினோரு வருஷமாகக் கால்களைப் பார்த்துப் பார்த்து, செருப்பை வைத்து ஆளைச் சொல்கிற வித்தை அவளுக்கு வந்துவிட்டது. லியுபென் கூட்டிவரும் ஆட்கள் வரிசையாக ஜன்னல் முன் நிற்பார்கள், யார் எந்த ஊர் என்று அவள் சொல்வாள், கைதட்டுவார்கள். அதற்கு நன்றியாக லியுபென் குந்தி உட்கார்ந்து ஒரு பொட்டலம் விதை வாங்குவார். அந்த இரண்டு நிமிஷப் பேச்சுக்காகத்தான் அவர் வாரம் மூன்று நாள் ஊரைச் சுற்றினார் என்று சொன்னால் அது பொய்யில்லை.

இப்போது அதற்கும் வந்தது வினை. வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. பத்தொன்பதாம் தேதி அறுவை. செயற்கை மூட்டு வைத்தபிறகு நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் ஆயுசுக்கும் குந்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால், "குந்தி எனக்கென்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருப்பார்கள். லியுபெனுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. சுற்றிக்கொண்டு முற்றத்துக் கதவைத் தட்டலாமே என்றால், அந்தக் கதவை வரி அதிகாரியும் போலீஸும்தான் தட்டுவார்கள். ஜன்னலில் பழகியவர்களுக்கு ஜன்னல்தான் வாசல். ஆகவே இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவுசெய்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு காபி, எதிரெதிர் நாற்காலி. அவ்வளவுதான் கேட்கவேண்டும்.

கடைக்கு வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது.

"இன்னிக்கு எத்தனை ஜோடி, வாத்தியாரே?"

"ஆறு."

"அந்தப் பச்சை பூட்ஸ் மழை ஊரு. நார்வேயா? ஆ, பாத்தீங்களா! அந்த வெள்ளை ஷூ புதுசு. பொண்ணுக்குக் குதிகால் தோலு உரிஞ்சிருக்கு, இடது காலைத் தூக்கித் தூக்கி வைக்குது. எந்த ஊரா இருந்தா என்ன, முதல்ல இதைக் குடுங்க அதுகிட்ட." முழங்கை வரை வெளியே வந்த கை ஒரு பிளாஸ்திரியை நீட்டியது. நான்கு வருஷத்தில் அவளை லியுபென் பார்த்தது இவ்வளவுதான்: ஒரு முகம், ஒரு ஜோடிக் கை. ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டதை, சில்லறை கொடுக்கிற மாதிரி ஒருநாள் சாதாரணமாகச் சொல்லியிருந்தாள். அவளை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். முழங்காலுக்குள் உப்பு நொறுங்குவது போல் ஒரு சத்தம். பூவை நீட்டினார். அவள் கண் மூன்று என்று எண்ணியதைக் கவனித்தார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அவள் பூவை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வாக்கியம் லியுபெனின் நாக்கில் இல்லை. இருபத்தொன்பது வருஷம் வகுப்பறையையே கட்டியாண்ட மனிதர், வாயைத் திறந்ததும் முதலில் சொல்லக்கூடாததை முதலில் சொல்லித் தொலைத்தார்.

"நெவேனா, இனிமே நான் இங்க வரமாட்டேன்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று. "ஓ" என்றாள். பிறகு, "அதுக்குத்தான் பூவா?" என்றாள்.

"இல்ல, அது வந்து..." என்று பதறிப்போய் எழப் பார்த்தார். கால் எழவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. வலி இடுப்பு வரை ஏறிக் கண்ணில் தண்ணீராக நின்றது. மறுபடியும் முயன்றார், கை சுவரில் வழுக்கியது. பின்னால் நின்ற ஆறு பேரும் இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் படம் எடுத்தார், ஒருவர் கைதட்டினார். அந்த நேரத்தில் ஜன்னல் படக்கென்று மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தமும் கேட்டது.

போச்சு என்று நினைத்தார் லியுபென். எழுந்து ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஊர் நடுவில், மூடிய ஜன்னலுக்கு முன்னால், ஒரு கிழவன் தவளை மாதிரி குந்திக்கொண்டிருக்கிறான். அவமானத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. நான்கு வருஷத்தை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

முற்றத்துப் பக்கத்துப் பெரிய கதவு கிறீச்சிட்டது. கம்பளிக் காலுறையும் வீட்டுச் செருப்புமாக ஒருத்தி வெளியே வந்தாள். வெயில் கூசிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கீழேயிருந்து பார்த்ததாலோ என்னவோ, அவள் முடிவே இல்லாத உயரமாகத் தெரிந்தாள்.

"எந்தக் காலு?" என்றாள்.

"வலது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமாச்சு. பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். அதுக்கப்புறம் குந்தக்கூடாதாம். அதைத்தான் சொல்ல வந்தேன், வேற மாதிரி வந்துடுச்சு."

"ரெண்டு வருஷமா இந்த வலியோட குந்துனீங்களா? சூரியகாந்தி விதைக்காகவா?"

"எனக்கு அந்த விதையே பிடிக்காது. பல்லுல மாட்டிக்கும்."

நெவேனா அவர் பின்னால் போய்க் கக்கத்தில் கைகொடுத்தாள். நார்வேக்கார அம்மாளுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இருவரும் அவரை நிமிர்த்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால், நெவேனாவின் நெற்றி அவருடைய தாடைக்குத்தான் வந்தது. அவ்வளவு பக்கத்தில் அவளிடம் சோப்பும் காகிதப்பெட்டியும் கலந்த வாசனை வந்தது.

"குந்த முடியாதுன்னா என்ன? நிக்க முடியும்ல?" என்றாள்.

"நின்னா உங்களுக்கு என் செருப்புதானே தெரியும். நீங்க ஒரு நாளும் வெளிய வந்ததில்லையே."

"யாரு கூப்பிட்டா?"

உண்மையில் யாருமே கூப்பிட்டிருக்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் அவள், அவருடைய கோட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே. சொன்னார். "எத்தனாவது மாடி?" அதுவும் சொன்னார். "கட்டிலுக்குப் பக்கத்துல உக்கார நாற்காலி போடுவாங்களா?"

"போடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"போடலைன்னா நானே ஒண்ணு தூக்கிட்டு வரேன். இப்ப நடங்க, டிராம் வரைக்கும் கொண்டுவந்து விடுறேன். உங்க ஆளுங்களையும் வரச் சொல்லுங்க, பாவம், முழிச்சிட்டு நிக்கிறாங்க."

கேட்க வந்த காபி இன்னும் அவர் தொண்டையிலேயே நின்றது. டிராம் நிறுத்தம் வரைக்கும் எப்படியும் இருநூறு அடி இருக்கிறது, அதற்குள் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். அவருடைய எடையில் பாதியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் ஆறு பேரும் வந்தார்கள். தெருமுனைவரைகூடப் போயிருக்கமாட்டார்கள், எதிரிலிருந்து வந்த ஒருவன் அவர்களைத் தாண்டிப்போய், வழக்கம்போலக் கடை முன்னால் குந்தி, ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான்.

"நெவேனா! ஏய் நெவேனா, ஒரு சிகரெட்டு!"

அவள் காதில் விழாதவள் போல லியுபெனின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குந்தியிருந்தவன் குனிந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து, இருட்டான உள்ளே பார்த்தான். பிறகு மறுபடியும் தட்டினான்.