இரண்டு தட்டிலும் ஆறிய காயம்

1

இந்தக் கதை நான் திருடியது. செல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் என் தங்கை சாப்பிடும்போது புலம்பினாள். ஆறுதல் சொல்வதுபோல் தலையாட்டிக்கொண்டே ஒன்று விடாமல் மனதில் குறித்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: காயம் என்பது உடல் கேட்கும்... (வேண்டாம். படித்தால் சிரிப்பாள்.)

இரண்டாவது: அவள் ஒரு காயத்தைக் கீறினாள்.

இது நிற்கும். அப்படித்தான் செய்தாள். செல் வளர்க்கும் தட்டின் அடியில் தோல் செல்கள் பாய் விரித்ததுபோல் ஒட்டி வளர்ந்திருந்தன. பிளாஸ்டிக் முனையால் நடுவே ஒரே இழுப்பு; வகிடு எடுத்ததுபோல் வெற்றுக்கோடு. அதுதான் காயம். இருபுறச் செல்களும் நகர்ந்து வந்து கோட்டை எவ்வளவு வேகமாக மூடுகின்றன என்பதுதான் சோதனை.

2

இப்படிக் கீறிய தட்டுகள் இரண்டு. இடது தட்டில் எக்சோசோம்களை ஊற்றினாள். ஸ்டெம் செல்கள் வெளியே அனுப்பும் நுண்ணிய பொட்டலங்கள் அவை. மேலே கொழுப்பு உறை, உள்ளே புரதங்களும் ஆர்.என்.ஏ. துண்டுகளும். வாங்கும் செல்லுக்கு, ‘நகரு, பெருகு’ என்ற சேதி.* வலது தட்டில் எதுவும் ஊற்றவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

(* இந்த இடத்தில் மூன்று பக்கம் விளக்கி, பிறகு அடித்துவிட்டேன். வருத்தம்தான்.)

மறுநாள் இடது காயம் மூடியிருந்தது. குதித்தாள். வலதைப் பார்த்தாள். அதுவும் மூடியிருந்தது.

ஆய்வுக் கூட்டத்தில் காட்டும் தட்டுப் படம் நன்றாக இருந்தால்தான் அவள் ஆய்வு இன்னொரு வருஷம் ஓடும். பக்கத்து மேஜைக்காரன், எல்லோரும் ‘அவசரம்’ என்று கூப்பிடுபவன், வழி சொன்னான்.

“இடதை மட்டும் காட்டேன். நாளைக்குக் கூட்டத்துல வலதை யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்.”

“நீ ஏம்மா உனக்கே எதிர்க்கட்சியா இருக்க?”

3

(அவசரத்தை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எதுவும் ஊற்றாத வலது ஏன் மூடியது என்று தேட, தன் வேலையைப் போட்டுவிட்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கி லேபிள் படித்துக் காட்டியதும் அவன்தான்.)

மூன்றாவது பாட்டிலில் அவனை நிறுத்தினாள். செல்களுக்குத் தீனியாகச் சேர்க்கும் சீரம். கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ரத்தத்திலும் எக்சோசோம்கள் உண்டு!

“அட மக்கு! ரெண்டு தட்டுக்கும் நானே ஊட்டி விட்டிருக்கேன்!”

“நீ வர்றதுக்கு முன்னாடியே கன்னுக்குட்டி வைத்தியம் பாத்துட்டுப் போயிடுச்சு,” என்றான் அவசரம். இருவரும் சிரித்து முடிக்கச் சிறிது நேரமானது.

4

கூட்டத்தில் இரண்டு படங்களையும் காட்டினாள்.

முடிவு ஒன்று: தலைமை ஆய்வாளர் மேஜையைத் தட்டி... (அவர் தட்டவில்லை.)

முடிவு இரண்டு: எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இதைத் தங்கை படித்துவிட்டாள்.

“அண்ணா, எங்க ஆளுங்க பிறந்தநாளுக்கே கைதட்ட மாட்டாங்க. ‘சீரத்துல இருக்கறத எடுத்துட்டு மறுபடி செய், அப்புறம் முடிவு பண்ணலாம்’னாங்க. அவ்ளோதான்.”

“செஞ்சியா?”

“சீரத்தை மெஷின்ல வேகமாச் சுத்தி, எக்சோசோமை அடியில படிய வெச்சு, மேல இருக்கறத மட்டும் எடுத்தேன். இன்னிக்குக் காலைலதான் கீறினேன்.”

“என்ன ஆகும்?”

“தெரிஞ்சா எதுக்குச் செய்யறேன்?”

‘இடது மட்டும் மூடியது’ என்று மூன்றாம் முடிவை நீட்டினேன். பேனாவை வாங்கி அடித்தாள். “அதைச் செல்லு சொல்லட்டும். நீ சொல்லாத.”

ஆகவே முடிவு உங்களிடம். உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. இடது முந்தினால் ஆய்வு ஓடும். இரண்டும் சமமாக வந்தால் நிற்கும். எதற்கும் தயார் என்கிறாள் தங்கை, நகத்தைக் கடித்துக்கொண்டே. நீங்கள் எந்தத் தட்டின் பக்கம் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம்.

கதவை மட்டும் திறந்து பார்க்காதீர்கள். சூடு இறங்கிவிடும்.