நாலு டிஸ்க்கும் ஒரு பரணும்

என் வீட்டுக்காரர் அருணகிரி ஜீப் ஓட்டுகிறவர். நெல்லிவாசல்நாட்டிலிருந்து கீழே இறங்க எத்தனை வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சில நாள் ஓட்டுவதும் அப்படித்தான். அந்த மனிதருக்கு ஆறு மாதமாக ஒரே பேச்சு. வீட்டுக்கு ஒரு மீடியா சர்வர் வேண்டும். படம், பாட்டு, போட்டோ எல்லாம் ஒரே பெட்டியில் இருக்க வேண்டுமாம், டிவியிலும் போனிலும் அதிலிருந்தே எடுத்துப் பார்க்க வேண்டுமாம். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து யூடியூபில் இதையே பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ஹார்ட் டிஸ்க் என்ன வேகத்தில் சுற்றும் என்று விளக்க ஆரம்பித்தார். புளி மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் மங்கம்மாள் பாவம், எங்கே இறங்கி ஓடுவாள்?

அப்படிச் சேர்த்துவைக்க எங்கள் வீட்டில் என்ன இருந்தது? திருவிழா வீடியோ நாலு. ஜீப்புக்குப் பூஜை போட்ட போட்டோ முப்பது, எல்லாவற்றிலும் இவர்தான் நடுவில்.

அப்புறம் என் தம்பி சின்னராஜ். இரண்டு வருடத்துக்கு முன் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். அதற்கு முந்தின வாரம் என் போனை வாங்கிக்கொண்டு போய், சாமைக் காட்டில் நடந்தபடியே தன்னைத்தானே எடுத்துப் பேசியிருந்தான். பதினொரு நிமிடம். அவன் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான்.

வாணியம்பாடியில் ஃபுர்கான் பாய் கடைக்குப் போனோம். பாய் நல்ல மனிதர், வியாபாரத்துக்கே லாயக்கில்லாத அளவுக்கு.

"இவ்ளோதானா அண்ணே? சின்ன டிஸ்க் ஒண்ணு போதும். இன்னொரு காப்பி எடுத்து வேற யார் வூட்லயாவது குடுத்து வைங்க," என்றார்.

இவருக்கு முகம் சுண்டிவிட்டது. "மலைக்காரன்னு கம்மியா எடை போடறீங்களா பாய்? நாலு டிஸ்க் போடற பெட்டி எடுங்க."

"போடலாம் அண்ணே. ஒண்ணு கெட்டா மத்தது காப்பாத்தும். ஆனா கரண்ட் அடிச்சா நாலும் சேந்து போய்டும். தனியா ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வைங்க."

பத்திரம் என்ற சொல்லை மட்டும் இவர் பிடித்துக்கொண்டார். வேறு வீடு என்றது காதில் ஏறவே இல்லை.

பெட்டி வந்தது. நாலு பச்சை விளக்கு மினுக்க, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் ஊர் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒவ்வொரு தடவையும் யூபிஎஸ் கத்த, கொட்டகையில் ஆடுகள் பதில் கத்தின. இதற்கு நடுவில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தம்பியின் வீடியோவைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, போனில் அழித்துவிட்டார்.

"ஏன் மாமா அழிச்ச?"

"போன்ல எடம் அடைச்சினு கெடக்குது. இங்க நாலு டிஸ்க்குல கீது, தனியா ஒரு காப்பியும் கீது. ஆண்டவனே நெனச்சாலும் அழிக்க முடியாது."

ஆண்டவன் மூன்று மாதம் பொறுத்தான். சித்திரை மழையில் பட்டப்பகலில் ஒரு இடி. பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், விளக்கு நாலும் அணைந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இவரோ சிரிக்கிறார். காப்பி எங்கே என்று கேட்டேன். அடுப்புக்கு மேலே கையைக் காட்டினார்.

எங்கள் வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே பரண் இருக்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது என்று விதைச் சாமையை அங்கேதான் வைப்போம். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. விதைக் கூடைக்குள் டிஸ்க்கைப் புதைத்து, வாயைச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தார் இந்த மகராசன். அதற்கு அடியில் மூன்று மாதமும் விறகை எரித்துக் களி கிண்டியது நான்தான்.

ஃபுர்கான் பாய் டிஸ்க்கை வாங்கி மோந்து பார்த்தார்.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"அடுப்பு மேல பாய். வருசக்கணக்கா வெச்சாலும் ஒரு பூச்சி அண்டாது."

"பூச்சி அண்டல அண்ணே," என்றார் பாய். "டிஸ்க்குதான் வெந்து போச்சு."

கெட்டுப்போன டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள் என்று ஐந்தையும் அனுப்பினார். ஒரு மாதம் கழித்து, ஒன்றிலிருந்தும் எதையும் எடுக்க முடியவில்லை என்று ஐந்தும் அப்படியே திரும்பி வந்தன. வாங்கிக்கொண்டு மலை ஏறினோம். பாதி வளைவு தாண்டியதும் இவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"ரேணு, அதுல அவன் இன்னா பேசினான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியில் ஏற்றி, பெயர் போட்டு, காப்பி எடுத்த மனிதர் ஒரு தரம்கூட அதைப் போட்டுப் பார்க்கவில்லை! நன்றாகக் கிழித்துவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன்.

"அக்கா, காடு எப்டி கீது பாரு," என்று சிரிப்பான். கொஞ்ச தூரம் நடப்பான். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் என்னால் தாங்க முடியாது, நிறுத்திவிடுவேன். மனசு கொஞ்சம் தேறட்டும், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.