எந்த மருதை

"தூதரம்மா வர்ற நேரத்துல செல்லக்கிளி முன்வாசல்ல நிக்கக் கூடாது. அனுப்பிடு," என்றார் முருகானந்தம், வேட்டி மடிப்பை மூன்றாம் முறையாகச் சரிசெய்தபடி.

"சாணி அள்ளிக்கிட்டிருக்கா. பாதியில எப்படிங்க போகச் சொல்றது?" என்றாள் அவர் மனைவி பவுனம்மாள்.

"சொன்னதச் செய்."

அது செல்லக்கிளியின் காதிலும் விழுந்தது. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே காலனிக்கு நடந்தாள். இருபது வருஷமாக அந்த மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுகிறவள். வீட்டுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

பத்து நாளாகவே முருகானந்தத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஆளுகிற ஏதோ ஒரு தீவிலிருந்து மரியான் மருதை என்ற அம்மாள் திருச்சிக்கு வந்திருப்பதாகப் பேப்பரில் செய்தி. சோசலிஸ்ட் கட்சித் தலைவி. தீவின் விடுதலைக்காக நாடு நாடாகப் போய் வாதாடும் தூதர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தன் கொள்ளுத்தாத்தா மருதையின் ஊரைத் தேடுகிறாராம். அதுவும் திருவெள்ளறைக்கு அப்பாலுள்ள இவர்களுடைய ஊர்தானாம். முருகானந்தத்தின் பாட்டனாருக்கு அண்ணன் ஒருவர், பெயர் மருதை, கடல் கடந்து போனவர். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஸ்ரீரங்கத்தில் அந்த அம்மாள் தங்கியிருந்த விடுதிக்கே போய், "நீங்க எங்க வீட்டுப் பொண்ணுங்க," என்று விருந்துக்கு அழைத்துவிட்டார்.

கார் வந்து நின்றது. மேளம் அதிர்ந்தது. அறுபத்தெட்டு வயது மரியான் செருப்பை உதறிவிட்டுத் தெருவிலேயே ஆடத் தொடங்கினார். மொழிபெயர்க்க வந்த ஸ்ரீரங்கத்துப் பிரெஞ்சு டீச்சர் வைஷ்ணவியையும் கையைப் பிடித்து இழுத்துச் சுற்றவைத்தார். ஊரே சிரித்தது.

இலையில் உட்கார்ந்தும் அவர் பேச்சு ஓயவில்லை. பத்து வயதில் கரும்பு வெட்டப் போனது, சங்கம் வைத்துச் சிறைக்குப் போனது என்று வரிசையாக வந்தது. ஒருமுறை பாரிஸில் ஒரு மந்திரி, "விடுதலைக்கு இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்," என்றாராம்.

"அப்போ எங்களுக்கு இங்கேயே சாப்பாடு போடச் சொல்லுங்கோ, காத்துண்டிருக்கோம்னுட்டு, பதினோரு கரும்பு வெட்டறவாளோட மூணு நாள் அவர் ரூம்லயே உக்காந்துட்டாளாம்," என்று வைஷ்ணவி சொன்னதும் பவுனம்மாளுக்குச் சிரிப்பில் புரையேறியது. அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பாயசம் வரும் நேரத்தில் மரியான் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கொள்ளுத்தாத்தாவைக் கப்பலேற்றியபோது எழுதிய பதிவின் நகல். வைஷ்ணவி வாங்கிப் படித்தாள்.

"பேர் மருதை. தகப்பனார் பிச்சமுத்து. வயசு பத்தொம்போது. ஜாதி..."

அதைப் படிக்கும்போது அவள் குரல் இறங்கியது.

"வெள்ளக்காரன் தப்பா எழுதியிருப்பான்," என்றார் முருகானந்தம். பிறகு, "இது வேற மருதைங்க. அவங்கல்லாம் காலனியில இருக்காங்க," என்றார்.

மொழிபெயர்ப்பதற்கு முன்பே மரியான் 'காலனி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். வைஷ்ணவியிடம் ஏதோ கேட்டார். பதில் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவாளும் காலனிலேர்ந்துதான் வந்திருக்காளாம். இப்பவே அங்க போகணுங்கறா," என்றாள் வைஷ்ணவி.

மரியான் வாசலுக்கு வந்தார். வெளியே சோற்றுக்குக் காத்திருந்த மேளக்காரர்களும் காலனிக்காரர்கள்தான். விஷயம் தெரிந்ததும் அவர்கள் அடித்த அடியில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. மேளம் முன்னே போக, மரியான் பின்னால் ஆடிக்கொண்டு போனார்.

முருகானந்தம் உள்ளே திரும்பினார். "அந்தம்மா குடிச்ச டம்ளர வெளிய போடு. வீடு பூரா மஞ்சத்தண்ணி தெளி."

பவுனம்மாள் பாயசப் பாத்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"விருந்தாளி பாயசம் குடிக்காமப் போறாங்க."

காலனியில் கோலாகலம். செல்லக்கிளியின் புருஷன் பெயரும் பிச்சமுத்து. அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்கு வைப்பதாம். மரியான் செல்லக்கிளியைக் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்ற, அவள், "அம்மா, தல சுத்துதும்மா," என்று சிரித்துக்கொண்டே கெஞ்சினாள்.

பவுனம்மாள் எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள். வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"செல்லக்கிளி, குடிக்கத் தண்ணி குடு."

செல்லக்கிளியின் சிரிப்பு நின்றது. "கடையில பாட்டில் வாங்கியாரச் சொல்றேங்க."

"பாட்டில் எதுக்கு? உங்க குடத்துத் தண்ணி குடு."

செல்லக்கிளி டம்ளரை இரண்டு முறை கழுவி, தண்ணீர் மொண்டு நீட்டினாள். பவுனம்மாள் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. உதட்டில் வைத்துக் குடித்தாள். தெருமுனையில், தார்ச்சாலை முடிகிற இடத்தில், முருகானந்தம் வந்து நிற்பது தெரிந்தது. அதற்கு மேல் அவர் வரவில்லை.

அவள் அவரைப் பார்த்தபடியே டம்ளரைச் செல்லக்கிளியிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."