கண்ணை மூடக் கூடாத நிமிடம்

அந்த அரசுப் பள்ளியில் காலை மணி அடித்ததும் ஒரு நிமிடம் மௌனம். அந்த நிமிடத்தில் பிள்ளைகள் கண்ணை மூடலாம், வேண்டிக்கொள்ளலாம், நின்றபடியே தூங்கலாம். ஆசிரியர்கள் மட்டும் கண்ணை மூடக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருக்கிற கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இது தலைமை ஆசிரியரின் கண்டுபிடிப்பு.

கண்டுபிடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. வாத்தியாரும் சேர்ந்து பிரார்த்தனை செய்தால்தான் பிள்ளை உருப்படும் என்றது பெற்றோரில் ஒரு கூட்டம். அதற்குத் துணிக்கடைக்காரர் தலைவர். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் வகுப்பில் கடவுளைக் கூப்பிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்றது இன்னொரு கூட்டம். அதற்கு ஒரு வக்கீல். தலைமை ஆசிரியருக்கோ ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை. அதுவரை எப்படியாவது பொழுதை ஓட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை கிடையாது. பிள்ளைகளோடு நிற்பதால் முதல் கூட்டத்துக்குத் திருப்தி, கண் திறந்திருப்பதால் இரண்டாம் கூட்டத்துக்குத் திருப்தி என்று கணக்குப் போட்டார். இரண்டு கூட்டமும் திருப்திப்படவில்லை என்பது வேறு விஷயம். யார் கண் மூடுகிறது என்று பார்க்கும் வேலை டிரில் மாஸ்டருக்குப் போனது. ஓடவும் குதிக்கவும் மைதானமே இல்லாத பள்ளியில் அந்த மனுஷனுக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது. விடுவாரா?

கணக்கு டீச்சருக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. அவளுக்குக் கடவுளோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. பயம் வந்தால் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுவாள். பல் பிடுங்கும்போதும் அதுதான், பிரசவ வலியிலும் அதுதான். பதினேழு ஒரு முரட்டு எண். அதோடு மல்லுக்கட்டும்போது பயப்பட நேரம் இருக்காது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அவளுக்கு இப்போதிருந்த ஒரே பயம் வேலையைப் பற்றியது. தற்காலிக ஆசிரியை, அந்த மாதம்தான் பணி நிரந்தரம் ஆக வேண்டும். கணவனின் பட்டறை மூடிக் கிடந்தது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்.

ஒருநாள் மதியம் குழாயடியில் வாயாடி நின்றுகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு. அந்தப் பட்டப்பெயரை அவளுக்கு யாரும் சும்மா வைக்கவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வழிந்து ஓட, மூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னடி, நாக்க வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?"

"எங்கம்மாவுக்கு இப்ப ஆபரேஷன், டீச்சர். நெஞ்சுல. அப்பா என்னை ஆஸ்பத்திரிக்கு வர வேணாம்னுட்டாரு." கையை நீட்டினாள். "என்கூட சேர்ந்து வேண்டிக்கிறீங்களா?"

எனக்கு அதெல்லாம் வராதும்மா என்று சொல்லியிருக்கலாம். நீட்டின கையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எந்தக் கல்நெஞ்சுக்கு வாய் வரும்? டீச்சர் அந்தக் கையைப் பிடித்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. கண்ணை மூடினாள். உதடு தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. ஒரு பதினேழு பதினேழு, இரண்டு பதினேழு முப்பத்து நான்கு...

மாடிப்படியின் திருப்பத்தில் டிரில் மாஸ்டரின் செல்போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

குழாய்ச் சத்தத்தில் குரல் கேட்காத அந்த வீடியோ மாலைக்குள் எல்லார் கைக்கும் போய்விட்டது. துணிக்கடைக்காரர் பாராட்டு விழாவுக்கு மேடை பார்த்தார். வக்கீல் வழக்குக்குத் தேதி பார்த்தார். ஜென்மத்தில் எதிலும் ஒத்துப்போகாத இருவரும், டீச்சர் பிரார்த்தனைதான் செய்தாள் என்பதில் மட்டும் ஒரே வாயாக நின்றார்கள். விசாரணைக்குக் கல்வி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

வீட்டில் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீயா? நம்ம கல்யாணத்துலயே எல்லாரும் கண்ண மூடி நின்னப்ப, வந்தவங்கள எண்ணிட்டு இருந்தவளாச்சே! இதுல என்ன யோசனை? வாய்ப்பாடுதான் சொன்னேன்னு சொல்லிடு. தப்பிச்சே."

"அந்தப் பொண்ணையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"வரட்டுமே."

"அவங்கம்மா இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்காங்க. டீச்சரும் வேண்டிக்கிட்டாங்க, அம்மா கண்ணு முழிச்சிட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. அவ முன்னாடி நின்னு, நான் சும்மா நடிச்சேன்னு எப்படிச் சொல்றது?"

கணவன் சிரிப்பை நிறுத்தினான். மூடின பட்டறையின் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தட்டைக் கழுவப் போனான்.

தலைமை ஆசிரியர் அறையில் உடைந்த பூகோள உருண்டையைப் பீரோ மேல் ஏற்றிவிட்டு நாற்காலி போட்டார்கள். ஒருபுறம் துணிக்கடைக்காரர், மறுபுறம் வக்கீல், நடுவில் அதிகாரி. கதவோரம் வாயாடி. டீச்சர் உள்ளே நுழையும் முன் தலைமை ஆசிரியர் காதோடு கெஞ்சினார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நானும் நிம்மதியா ரிட்டயர் ஆயிடுவேன், நீயும் பர்மனென்ட் ஆயிடுவே."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "சுத்தி வளைக்க வேணாம். அந்தப் பொண்ணோட சேர்ந்து வேண்டிக்கிட்டீங்களா, இல்லையா?"

டீச்சர் கதவோரம் பார்த்தாள். வாயாடி கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு, வாடகை, சாவி எல்லாம் ஒரு சுற்று நெஞ்சுக்குள் வந்து போயின.

"வேண்டிக்கிட்டேன் சார்."

தலைமை ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துணிக்கடைக்காரரும் வக்கீலும் ஒரே சமயத்தில் "பாத்தீங்களா!" என்றார்கள். அதிகாரி சம்பிரதாயத்துக்காகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. டீச்சர் என்ன சொல்லி வேண்டிக்கிட்டாங்க?"

வாயாடி டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள்.

"பதினேழாம் வாய்ப்பாடு, சார்."

"என்னது?"

"ஒரு பதினேழுல ஆரம்பிச்சாங்க. நானும் மனசுக்குள்ள கூடவே சொன்னேன். எட்டுப் பதினேழு வந்தப்ப நூத்தி முப்பத்தி நாலுன்னாங்க. தப்பு, சார். நூத்தி முப்பத்தாறு. அது தெரியாமயே பத்து வரைக்கும் சொல்லிட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க."

துணிக்கடைக்காரர் விரல் மடக்கி எட்டுப் பதினேழைச் சரிபார்த்தார். வாய்ப்பாட்டுக்கு எதிராகச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று வக்கீல் யோசித்தார்; ஒன்றும் இல்லை. டீச்சருக்கு மட்டும் முகமெல்லாம் சூடேறியது. பிரசவ வலியில்கூடத் தப்பாத வாய்ப்பாடு. தப்பியதே இப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

அதிகாரியின் முடிவு மறுநாளே வந்தது. பிரார்த்தனை நடந்ததாக நிரூபணமாகவில்லை. பணி நிரந்தரத்துக்குத் தடை இல்லை. ஆனால் கணக்கு ஆசிரியை கோடை விடுமுறையில் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டும். இனிமேல் பள்ளி வளாகத்தில் ஆசிரியர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லக் கூடாது. தலைமை ஆசிரியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினார்.

சாயங்காலம் வாயாடி குழாயடியில் காத்திருந்தாள்.

"அன்னிக்கே தெரியுமாடி உனக்கு?"

"தெரியும் டீச்சர். முதல்ல கோவம்தான் வந்துச்சு, நாம என்ன கேட்டோம், இவங்க என்ன சொல்றாங்கன்னு. ஆனா நீங்க எட்டுல தப்பு விட்டீங்க பாருங்க, நீங்களும் எங்கம்மாவுக்காகப் பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சுடுச்சு. அப்புறம் எனக்கு அவ்வளவா பயமில்ல." கையை நீட்டினாள். "நாளைக்குத் தையல் பிரிக்கிறாங்க."

மாடிப்படித் திருப்பத்தில் செல்போன் தலை நீட்டியது. டீச்சர் வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை அகலத் திறந்து அந்தச் செல்போனையே பார்த்தபடி, உரக்க, ஒரு பதினேழிலிருந்து ஆரம்பித்தாள். எட்டு வந்ததும் வாயாடி அவள் விரலை ஒரு அழுத்து அழுத்தினாள்.