பெரட்டுக்கு வந்தவன்

சிவசாமிக் கங்காணி தன் வாசலில் வந்து கை கட்டி நிற்க வேண்டும் என்று சிசிலி பதினைந்து வருஷமாக வேண்டாத நாளில்லை. அந்தோனியார் படத்துக்கு முன்னால் அவள் கேட்டதெல்லாம் அந்த ஒன்றுதான். பாதருக்குத் தெரிந்திருந்தால் ஜெபமாலையை உருட்டச் சொல்லியிருப்பார். ஒருநாள் சாயங்காலம் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுத் திரும்பினால், மனிதர் நிற்கிறார்.

"தாயி, எம்மவன் விஜிதரனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. பயங்கரவாதத் தடைச் சட்டமாம். மஜிஸ்ட்ரேட்டால பிணை குடுக்க முடியாதாம்."

அந்தச் சட்டத்தைப் பற்றி சிசிலிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2009இல் அவள் புருஷன் அலோசியஸைத் தின்றதும் அதுதான். கொழும்பில் குண்டு வைக்க உதவினான் என்று, அவன் வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். பொலிசிடம் சொன்ன ஒப்புதல் மற்ற வழக்கில் செல்லாது. இந்தச் சட்டத்தில் செல்லும். குண்டு வைத்த அன்று காலை அலோசியஸ் தோட்டத்தில்தான் இருந்தான். பேர் கூப்பிடும் பெரட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். பேர் கூப்பிட்டவர் சிவசாமி. அதே மனிதர் கோர்ட்டில் ஏறி, "அவன் பெரட்டுக்கு வரல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பொண்டாட்டி சொல் எடுபடவில்லை. ஆயுள் தண்டனை.

இப்போதுதான் மேல்கோர்ட் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லியிருந்தது. விசாரணைத் தவணைக்குப் பதினைந்து நாள் இருந்தது.

"போன ஞாயித்துக்கெழம அவன் கொழும்புல ஏதோ கூட்டத்துக்குப் போனான்னு சொல்றானுங்க. அந்த ஞாயித்துக்கெழம பூரா அவன் ஒங் கூரையிலதானே தகரம் அடிச்சான்? பெத்தவன் சொல்லு எடுபடாதாம். லயத்து வீடுங்கள்ல எல்லாரும் பயந்து வாயப் பொத்திக்கிட்டாங்க. நீ ஒரு வார்த்த சொல்லு தாயி."

சிசிலி அவரை உட்காரச் சொல்லவில்லை. தேத்தண்ணி வேணுமா என்றும் கேட்கவில்லை. வெட்கமில்லாமல் மனசு இனித்தது.

"சொல்றேங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க. தவணை அன்னிக்கு வந்து, அலோசியஸ் பெரட்டுக்கு வந்தான்னு ஜட்ஜ் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"பொலிஸ் மெரட்டித்தானே அப்ப அப்புடிச் சொன்னேன். இப்ப மாத்திச் சொன்னா, பொய்ச்சாட்சின்னு என்ன உள்ள போட்டுருவாங்களே!"

"போடுவாங்கதான். ஆனா ஒங்களுக்குச் சாதாரணச் சட்டங்க. பிணை இருக்கும், எத்தன வருஷம்னு முன்னாடியே தெரியும். நீங்க குடுத்துவச்சவரு."

பதினைந்து நாளும் அவள் அவரைக் கண்ணால் தின்றாள். மனிதர் முகம் வழிக்கவில்லை. மாரியம்மன் கோயில் வாசலிலேயே கிடந்தார். சோறு இறங்கவில்லை என்று அவர் சம்சாரம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். பாவம் என்று நினைத்துப் பார்த்தாள் சிசிலி, வரவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும் என்று தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

தவணை அன்று சிவசாமி சாட்சிக்கூண்டில் ஏறினார்.

"அலோசியஸ் அன்னிக்குப் பெரட்டுக்கு வந்தாருங்க ஐயா. நாந்தான் பேர் கூப்புட்டேன். நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

எதிர்க்கூண்டில் தலை நரைத்துப்போன அலோசியஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு, சிவசாமியை வெளியே போகவிட வேண்டாம் என்று பொலிசுக்குச் சொன்னார்.

நடைக்கூடத்தில் இரண்டு பொலிஸ்காரர்களுக்கு நடுவே நின்ற சிவசாமி, சிசிலியைக் கண்டதும் எட்டிக் கேட்டார்.

"நான் சொல்லிட்டேன் தாயி. எம்மவனுக்காக நீ எப்பச் சொல்லப்போற?"

"நீங்க எங்க வாசலுக்கு வந்தீங்களே, அதுக்கு முந்தின நாளே, அவன் எங்கூரையிலதான் இருந்தான்னு எங்க வக்கீலம்மாகிட்டச் சொல்லிக் கையெழுத்து வச்சிட்டேன். அந்தப் புள்ள என்னங்க பாவம் செஞ்சான்?"



"அப்ப... இந்தப் பதினஞ்சு நாளும்?"

"பதினஞ்சு நாள்தானேங்க," என்றாள் சிசிலி. "எனக்குப் பதினஞ்சு வருஷம்."