கணுப் பலகை

கட்டில் வரவேண்டிய இடத்துக்கு நேர் மேலே, வழவழப்பான தேக்குப் பலகைகளுக்கு நடுவில், கணு விழுந்த நாலு பலகைகள் முகத்தில் மரு மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தன. பத்ரிநாராயணன் சாரத்துக்குக் கீழே நின்று மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வங்கியில் துணைப் பொதுமேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது வங்கிக்குத்தான். அடையாறில் இந்த ஒற்றைத்தள வீட்டின் மரக்கூரைக்கென்றே இருபத்திரண்டு நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆணியடித்து மாட்டியிருந்தார். உத்தரம் ஏற்றி, கைமரம் பூட்டி, ஓடு வேய்ந்தாகிவிட்டது. இப்போது உட்பக்கம் பலகை அடிக்கிறார்கள். ஏழாம் நிபந்தனை: கணுவுள்ள பலகை கூடவே கூடாது.

"டில்லிபாபு, ஏழாவது பாயின்ட் படிச்சீங்களா?"

"அந்த ஆணிலதான் சார் டெய்லி சட்டைய மாட்டிக்கினு கீறேன்" என்றார் சாரத்தின் மேலிருந்த தச்சர்.

"நக்கலா? கழட்டுங்க அதை. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"யாரு சார் பாக்கறவங்கோ?"

இது என்ன கேள்வி. சித்திரையில் கிரகப்பிரவேசம். மனைவி அபயாம்பாள் குத்துவிளக்கோடு வலதுகால் வைத்து நடந்து வருவாள். பின்னால் வரும் சொந்தபந்தமெல்லாம் அண்ணாந்து பார்க்கும். போன ஆடியில் குளியலறையில் விழுந்ததிலிருந்து அவள் தேனாம்பேட்டை ஃப்ளாட்டில் படுத்த படுக்கை. 'சித்திரைக்குள்ள நடந்துடுவா' என்று வருகிறவர்களிடமெல்லாம் சுற்றறிக்கை போல அறிவித்திருந்தார். டாக்டர் மட்டும்தான் அதற்குத் தலையாட்டவில்லை.

டில்லிபாபு சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"அம்மாதான் சார் போட சொன்னாங்கோ. வீட்ல கீற உங்க பாயின்ட் காயிதத்துல என் நம்பர் இருந்துச்சாம். வீடியோ கால் போட்டு, பலகை ஒவ்வொண்ணா காட்டச் சொல்லி, இந்த நாலையும் பொறுக்கினாங்கோ. வெள்ளை சீலிங்க பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சாம். கணு இருந்தா ஒண்ணு மூஞ்சியா தெரியும், ஒண்ணு குருவியா தெரியும், இனிமே அதான் எனக்கு வாசல், தெரு எல்லாம்னாங்கோ. உங்க கைல சொல்லாதன்னாங்கோ. பாவம், அவர் நான் நடப்பேன்னு நம்பிண்டிருக்கார்னு. என் வாயி ஓட்ட வாயி, சொல்ட்டேன்."

பத்ரிநாராயணன் எதையாவது திருத்த வேண்டும்போல நிபந்தனைத் தாளைப் பார்த்தார். பிறகு அறை வாசலைப் பார்த்தார். மூன்றரை அடி அகலம். நிலைக்குக் கீழே படி இல்லை. மஞ்சள் குங்குமம் வைக்க இடமில்லாமல் எவன் சார் நிலை வைப்பான் என்று டில்லிபாபு அன்றைக்குச் சண்டை போட்டிருந்தார். பதினாலாம் நிபந்தனை: பெருக்கித் துடைக்க வசதியாக, எந்த அறைக்கும் வாசற்படி கிடையாது.

டில்லிபாபுவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "வீல் சேருக்குன்னு நீங்க சொல்லல. நானும் கேக்கல. பெருக்கறதுக்குன்னீங்கோ, சரின்னு வெச்சிட்டேன்."

போன் அடித்தது. அபயாம்பாள்.

"போய்ச் சேர்ந்தேளா? சீலிங் எப்படி இருக்கு?"

"இரு, பார்த்துச் சொல்றேன்."

கட்டில் வரவேண்டிய இடத்தில், மரத்தூளின் மேல், இஸ்திரி போட்ட சட்டையோடு மல்லாந்து படுத்தார். அடுத்தடுத்து இரண்டு வட்டக் கணுக்கள் அவரை உற்றுப் பார்த்தன.

"அபயம், இங்கே ஒரு ஆந்தை உட்கார்ந்திருக்கு."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ஆடிக்குப் பிறகு அவர் கேட்காத சிரிப்பு.

"ஏன்னா, அது ஆந்தை இல்லே. நன்னாப் பாருங்கோ. கண்ணாடி போட்டுண்டு நீங்கதான்."

நன்றாகப் பார்த்தார். மூக்கு வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

"டில்லிபாபு, பக்கத்துலயும் ஒரு கணுப் பலகை அடிங்க. எனக்கு."

"ஏழாவது பாயின்டு சார்?"

"அடிங்கய்யா."

மேலே துளை போடும் சத்தம் கேட்டது. மரத்தூள் பொலபொலவென்று கண்ணாடிமேல் உதிர்ந்தது. அவர் துடைக்கவில்லை. ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, மெல்ல நகர்ந்து படுத்துக்கொண்டார்.